நடுப்பலகையில் தொண்ணூற்றேழு கிலோ

"தொண்ணூத்தி ஏழு!"

படகுத்துறையில், மூட்டை நிறுக்கும் பழைய எடை மேடையில் தூசியக்காவை ஏற்றி நிறுத்திவிட்டு வழிகாட்டி போட்ட கூச்சலில், எதிர்க்கரை மரங்களிலிருந்த கிளிகள் அத்தனையும் ஒரே மூச்சில் கிளம்பிப் பறந்தன. போன கிளிகளில் பாதி இன்றுவரை திரும்பவில்லை. அக்காவுக்கோ காதுமடல் தொடங்கிக் கால் கட்டைவிரல் வரை பற்றிக்கொண்டு எரிந்தது.

"ஏம்ப்பா, ஏலமா போடுறே? காதோட சொன்னா ஆகாதா?"

"படகோட்டி அந்தக் கோடியில மோட்டார்கிட்ட இருக்காருக்கா. அவருக்குக் கேக்கணும்ல. எடை பார்த்துதான் எடம் போடுவோம். கனமானவங்க நடுப்பலகை, லேசானவங்க முன்பலகை. மாத்தி உக்காந்தா படகு மூக்குக் குத்திடும்."

அடுத்ததாக மேடையேறிய தங்கை, வழிகாட்டியின் காதருகே குனிந்து ஏதோ கெஞ்சினாள். அவன் சிரித்துக்கொண்டே அவள் எடையைப் படகோட்டிக்கு விரலால் காட்டினான். தனக்கு மட்டும் தண்டோரா, தங்கைக்கு மட்டும் சைகையா என்று அக்கா பல்லைக் கடித்தாள். மூன்றாவதாக ஏறிய தங்கை புருஷன் அறுபத்திரண்டு. அவர் பல் டாக்டர். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லும் அவருக்குத் தன் வாயை மட்டும் மூடத் தெரியாது. கழுத்தில் வடிகால் குழாய் நீளத்துக்கு ஒரு கேமரா தொங்கியது. "லேசான ஆளு" என்று அவருக்கு முன்பலகை கிடைத்தது. அந்தக் கேமராவையும் சேர்த்து நிறுத்திருந்தால் அவரும் நடுவில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அக்காவின் முதல் நாள் வழக்கு.

தூசியக்கா ஒன்றும் சும்மா காற்று வாங்க அந்தக் காட்டாற்றுக்கு வரவில்லை. அவள் முப்பத்தொரு வருஷம் ஓர் அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை பார்த்தவள். நாலாம் நம்பர் கூடம் முழுக்க அவள் ராஜ்ஜியம். பாடம் பண்ணி நிறுத்திய விலங்குகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் தூசி தட்டுவாள். அதனால்தான் அந்தப் பெயர். புலிக்கு மீசை துடைத்தாள், கரடிக்குக் காது குடைந்தாள், மலைப்பாம்பை ஆறு முறை மூட்டுப் பிரித்துத் தைக்க நூல் கோத்துக் கொடுத்தாள். அவளோடு ஒட்டிக்கொண்டது மட்டும் ஒன்றே ஒன்று, மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பெரிய ஆற்று நீர்நாய்.

பெட்டியின் மேல் ஓர் அட்டை இருந்தது. "இதன் தொண்டையில் வெளிர்நிற மறு உண்டு. ஒன்றுக்கு உள்ள வடிவம் இன்னொன்றுக்கு இராது." அட்டை சரிதான். ஆனால் பாடம் பண்ணின புண்ணியவான், நீர்நாயின் தலையைக் குனிய வைத்து, வாயில் ஒரு சுண்ணாம்பு மீனைச் செருகி, ஓர் இளிப்பையும் வைத்துத் தைத்துவிட்டான். தொண்டை தரையைப் பார்த்தது. பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், நாளுக்கு நூறு பேர், "எங்க மறு? எங்க மறு?" என்று கண்ணாடியில் மூக்கை நசுக்குவார்கள். "குனிஞ்சிருக்கு கண்ணு, நிமிர்ந்தா காட்டும்" என்பாள் அக்கா. முப்பத்தொரு வருஷத்தில் அது நிமிரவில்லை. ஒரு தடவை பெட்டியைத் திறந்து தாடைக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்தாள். மரத்தூளும் முறுக்கு நூலும்தான் கையில் வந்தன. அதிகாரியிடம் போய் நின்றாள். "சார், தலையைக் கொஞ்சம் நிமிர்த்திட்டா பிள்ளைங்க பார்க்கும்." அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அறிவியல்பூர்வமா வெச்சிருக்கும்மா. நீங்க தூசியை மட்டும் தட்டுங்க."

அந்த "மட்டும்" அவள் நெஞ்சில் மீன்முள்ளாய்ச் சிக்கிக்கொண்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கு, என்ன வேண்டும் என்று கேட்ட தங்கையிடம் அக்கா வளையல் கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. "உசுரோட ஒரு நீர்நாய். அதோட தொண்டையை ஒரே ஒரு தடவை பார்க்கணும்" என்றாள். அப்படித்தான் இந்த மூன்று நாள் பயணம்.

ஆனால் நடுப்பலகையிலிருந்து காடு எப்படித் தெரியும் என்று அங்கே உட்கார்ந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அக்காவுக்கு முன்னால் தங்கையின் கொண்டை. அதற்கு முன்னால் ஒரு புதுமணத் தம்பதி. இருவர் தலையும் ஒட்டியே இருந்ததால் இடையில் ஓர் ஊசி நுழையும் சந்துகூடக் கிடையாது. அதற்கும் முன்னால் பல் டாக்டரின் தொப்பி. அந்தத் தொப்பியின் அகலத்துக்கு அதன் கீழே இரண்டு குடும்பம் குடித்தனம் பண்ணலாம். குரங்கு என்றால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். முதலை என்றாலும் அப்படித்தான். அக்கா மட்டும் கழுத்தை இந்தப் பக்கம் நீட்டினால் படகும் கூடவே இந்தப் பக்கம் சாயும். உடனே ஆறு தொண்டைகளும் ஒன்றாக அலறும்: "நடுவுல அக்கா! நடுவுல!"

இரண்டு நாளில் அக்கா பார்த்த வனவிலங்குகளின் மொத்தப் பட்டியல்: கொண்டை, தொப்பி, வழிகாட்டியின் முழங்கை, அந்த முழங்கையில் உட்கார்ந்த ஒரு கொசு.

"அண்ணி, அந்தப் பறவையோட அலகு பார்த்தீங்களா? என்ன நிறம்!" என்று டாக்டர் திரும்புவார்.

"பார்த்தேன் மாப்ளே. உங்க தொப்பியில துணிக்கடைக்காரன் போட்ட முத்திரையைப் பார்த்தேன். அதுவும் நல்ல நிறம்தான்."

"அண்ணிக்கு எப்பவும் தமாஷ்!"

தமாஷா? அக்காவுக்குள் கடுகு பொரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் நாள் மாலை விடுதிக்குத் திரும்பியபோது அவள் முகத்தின் சூட்டில் வாசலில் காயப்போட்டிருந்த ஈரச் சட்டைகள் எல்லாம் ஐந்தே நிமிஷத்தில் உலர்ந்துவிட்டதாகச் சமையலறையில் பேசிக்கொண்டார்கள்.

விடுதிக் கூடத்தில் ஒரு கரும்பலகை இருந்தது. நாலு படகுகள், நாலு கட்டம். அன்றன்றைக்குப் பார்த்த விலங்குகளை அந்தந்தப் படகின் வழிகாட்டி சாக்குக்கட்டியால் எழுத வேண்டும். நீர்நாய் என்ற இடத்தில் நாலு கட்டமும் காலி. அக்கா போய் அதன் முன்னால் நின்றாள்.

"நாளைக்குக் கடைசி நாளுப்பா" என்றாள் வழிகாட்டியிடம். "கண்ணுல காட்டுவியா மாட்டியா?"

"வளை எங்க இருக்குன்னு தெரியும்க்கா. ஆனா குட்டி போட்டிருக்கு. ஐம்பது மீட்டர் தள்ளித்தான் நிக்கணும். பயம் காட்டினா தாய்க்குப் பால் வத்திடும், குட்டி பிழைக்காது. இது எங்க சட்டம்."

"அதெல்லாம் சரி. ஐம்பது மீட்டர்ல தொண்டை தெரியுமா?"

"அது கோவப்பட்டா தெரியும். யாராவது வளைக்குக் கிட்ட போனா தண்ணியில கழுத்து வரைக்கும் நட்டமா எழும்பி நின்னு திட்டும். மத்த நேரத்துல மண்டை மட்டும்தான்."

கோபம் வந்தால்தான் தொண்டை தெரியுமாம். பெட்டிக்குள் இருந்தது முப்பத்தொரு வருஷமும் இளித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலை படகு பெரிய ஆற்றிலிருந்து விலகி ஒரு கிளையாற்றுக்குத் திரும்பியது. கிளையின் வாய் ஒரே ஒரு படகு நுழையும் அகலம். இருபுறமும் சேறு, அதன்மேல் வேர்கள். உள்ளே போனால் தட்டைப் போலத் தேங்கிய பச்சைத் தண்ணீர். அதற்கப்பால் எதிர்க்கரை மேட்டில் ஓர் ஓட்டை. ஓட்டைக்கு முன்னால் வழுவழுவென்று மிதித்துச் சமன்படுத்திய மண்.

வாய்க்கு வெளியே படகை நிறுத்தினான் வழிகாட்டி. "இதோட நிக்கணும்."

"எங்கய்யா? புள்ளி மாதிரி தெரியுது" என்றார் டாக்டர். வடிகால் குழாயை இன்னும் நீளமாக இழுத்தார். "இன்னும் கொஞ்சம் உள்ள விடு."

"கூடாது சார்."

"ஒரு முப்பது அடி. பலகையில உன் கட்டம் காலியா இருக்கே, அதுக்காகவாவது."

வழிகாட்டியின் முகத்தில் அந்தக் கரும்பலகை வந்து போனதை அக்கா பின்னாலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள். அதற்குள் அவன் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. இவர்கள் நிற்பதைப் பார்த்துவிட்ட மற்ற மூன்று படகுகளும் மோட்டாரை முடுக்கிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தன. "உள்ள போடா, இல்ல வழியை விடு!" என்று வாக்கி டாக்கி கத்தியது. நேற்று மாலை "எங்க சட்டம்" என்று நெஞ்சை நிமிர்த்தியவன் இப்போது படகோட்டிக்குக் கையைக் காட்டினான். படகு வாய்க்குள் மூக்கை நுழைத்தது.

அப்போதுதான் கரையில் ஏதோ அசைந்தது. ஓட்டைக்குள்ளிருந்து நீளமாய், ஈரமாய், எண்ணெய் தடவிய கயிறு போல ஒன்று வெளியே வந்தது. அதன் வாயில் ஒரு குட்டி, துணிப்பை போலத் தொங்கியது. படகைப் பார்த்தது. திரும்பி உள்ளே போனது. மறுபடி வெளியே வந்தது. வாயில் அதே குட்டி. மறுபடி உள்ளே போனது. எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வாசலுக்கும் வீட்டுக்குமாக அலைந்தது. தண்ணீரில் நாலைந்து மண்டைகள் வரிசையாய் முளைத்தன.

படகில் அத்தனை பேரும் முன்பலகைக்கு முண்டினார்கள். புதுமணத் தம்பதி முதல்முறையாகக் கையை விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் எட்டிப் பார்த்தது. கூட்டத்துக்கு நடுவில் டாக்டர் திரும்பினார். அவர் முகத்தில் உண்மையாகவே பாசம்.

"அண்ணி! நீங்க முன்னாடி வாங்க. எல்லாரும் ஒதுங்குங்க, அண்ணி இதுக்காகத்தான் வந்திருக்காங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட போனா அது எழும்பும். தொண்டை தெரியும்!"

இதைத்தான் மூன்று நாளாக, ஏன், முப்பத்தொரு வருஷமாக அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எழுந்தாள். கரையில் அந்தத் தாய் மூன்றாவது முறையாகக் குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. அக்காவின் வயிற்றுக்குள் மூன்று நாளாக வெந்துகொண்டிருந்த அத்தனையும், ஏலக் கூச்சலும் கொண்டையும் தொப்பியும் அதிகாரியின் "மட்டும்" என்ற சொல்லும், ஒன்றாய்த் திரண்டு தொண்டைக்கு வந்தது. ஆனால் அவள் கத்தவில்லை. நடந்தாள். தங்கையைத் தாண்டி, தம்பதியைத் தாண்டி, டாக்டரைத் தாண்டி, முன்பலகைக்கும் முன்னால், படகின் மூக்கு நுனியில் போய், தொண்ணூற்றேழு கிலோவையும் ஒரே தவணையில் இறக்கி வைத்தாள்.

சொத்தென்று மூக்கு சேற்றில் புதைந்தது. வால் வானத்துக்கு எழும்பியது. மோட்டாரின் விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து காற்றைக் கடைந்து ஊளையிட்டது. படகோட்டி, குதிரைமேல் ஏறினவன் போல உயரத்தில் தொங்கிக்கொண்டு, அவசர அவசரமாக மோட்டாரை அணைத்தார். பின்னால் வந்த மூன்று படகுகளும் ஒன்றன் முதுகில் ஒன்று முட்டி நின்றன. கிளையின் வாயில் கச்சிதமாக ஒரு தக்கை அடைத்தாயிற்று.

"அக்கா, பின்னால போங்க! நீங்க போனாத்தான் படகு எழும்பும்!" வழிகாட்டி அலறினான்.

"எழும்பி எங்க போகும்?"

"உள்ள..."

"அப்ப எழும்ப வேணாம்."

"அக்கா, பின்னால மூணு படகு நிக்குது!"

"நிக்கட்டும். ஐம்பது மீட்டர்னு சொன்னது யாரு? நேத்து சாயங்காலம் அந்தப் பலகை முன்னால நின்னு சட்டம் பேசினது உன் வாயா, வாடகை வாயா? அங்க பாரு, புள்ளையைத் தூக்கிட்டு எங்க போறதுன்னு தெரியாம அல்லாடுது. உனக்குக் கட்டத்துல சாக்குக்கட்டி போடணும், அதுக்கு அது பால் வத்தி நிக்கணுமா?"

"அண்ணி, இது என்ன அழிச்சாட்டியம்?" டாக்டர் தொப்பியைச் சேற்றில் தேடிக்கொண்டே கத்தினார். "உங்களுக்காகத்தானே இவ்வளவு தூரம்..."

"எனக்காகவா? மாப்ளே, உங்க நாற்காலியில வாயைத் திறந்துட்டுக் கிடக்கிறவங்களை நாலு படகு நிறைய ஆள் வந்து எட்டிப் பார்த்தா விடுவீங்களா? கதவைச் சாத்திட்டுத்தானே பல்லைப் பிடுங்குவீங்க?"

டாக்டர் வாயைத் திறந்தார். முதல்முறையாக, யாரும் சொல்லாமலே அதை மூடினார்.

பின்படகுகளில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "யாருய்யா அது குண்டம்மா? தூக்கிப் போடுய்யா!" என்று ஒரு குரல் வந்தது. வழிகாட்டி அக்காவின் தோளைத் தொடுவதா வேண்டாமா என்று கையை நீட்டி நீட்டி மடக்கினான்.

அந்தக் குரலைக் கேட்டதும் தங்கை எழுந்தாள். மூன்று நாளாக "அக்கா, கொஞ்சம் சும்மா இரேன்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாதவள். நேரே வந்து அக்காவை இடித்துக்கொண்டு மூக்கு நுனியில் உட்கார்ந்தாள். படகு இன்னும் ஒரு சாண் புதைந்தது.

"எழுபத்தொண்ணு!" என்று பின்படகுகளைப் பார்த்துக் கூவினாள். "கேட்டுக்கோங்க! எழுபத்தொண்ணு கிலோ! இப்ப மொத்தம் நூத்தி அறுபத்தெட்டு. வந்து தூக்குங்கய்யா பார்க்கலாம்!"

கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அந்த எண்ணை முதல்முறையாகக் கேட்ட டாக்டர், அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

எந்தப் படகிலும் மோட்டார் சத்தம் இல்லை. கத்தியவர்களும் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். தண்ணீர் ஒரு நிமிஷம் அசையவில்லை. அந்த நிமிஷத்தில், அக்காவின் கால் கட்டைவிரலுக்கு நேர் எதிரே, இருபதடி தூரத்தில், தண்ணீர் பிளந்தது.

ஒரு மண்டை. பிறகு கழுத்து. பிறகு இன்னும் கழுத்து. ஆளுயரத்துக்கு எழும்பியது என்று அக்கா பிற்பாடு சொன்னாள். போகப்போக அது தென்னை உயரம் ஆனது. நட்டமாக நின்று, வாயைப் பிளந்து, அத்தனை பல்லையும் காட்டி, அவளைப் பார்த்துத் திட்டியது. சீறலும் செருமலும் கிறீச்சிடலும் கலந்த சத்தம். இளிப்பெல்லாம் மருந்துக்கும் இல்லை. தொண்டையில், வெள்ளையடிக்கிறவன் மட்டையை உதறியதுபோல, சுண்ணாம்புத் தெறிப்பாய் ஒரு மறு. அப்படிப்பட்ட தெறிப்பைக் கூடத்துத் தரையிலிருந்து அவள் எத்தனை முறை சுரண்டியிருக்கிறாள்!

அதன் பக்கத்தில் இன்னொன்று எழும்பியது. அதன் மறு இரண்டு துளிகள். மூன்றாவதுக்கு ஒரு கோடு. அட்டை சொன்னது நிஜம்தான். ஒன்றைப் போல் ஒன்று இல்லை.

அக்காவின் கண் நிறைந்தது. ஆனால் அந்தப் பெரியது திட்டுவதை நிறுத்தவில்லை. மூன்று படகையும் விட்டுவிட்டு, வழிகாட்டியை விட்டுவிட்டு, குறிபார்த்து அவளையே திட்டியது. அக்காவுக்குச் சுருக்கென்று வந்தது.

"ஏய்! இவனுங்களை நிறுத்தினதே நான்தான்! என்னையே திட்டுறியா நீ?"

அது இன்னும் உரக்கத் திட்டியது.

"சரி சரி. போறோம். நீ உன் புள்ளையைப் பாரு." வழிகாட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "வெளிய போறதுன்னா சொல்லு. எழுந்திருக்கேன்."

வழிகாட்டி வாக்கி டாக்கியை எடுத்தான். "எல்லாரும் பின்னால எடுங்க" என்றான். அவன் குரல் இறங்கியிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று படகுகளும் கடைசிப் படகு முதலாகப் பின்வாங்கின. அத்தனையும் பெரிய ஆற்றுக்குப் போய்ச் சேரும்வரை அக்கா இருந்த இடத்திலிருந்து அசையவில்லை. பிறகு எழுந்து, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே நடுப்பலகைக்குப் போனாள். படகு பெருமூச்சு விட்டதுபோல் எழும்பியது. கரையில் தாய் கடைசியாக ஒருமுறை வெளியே பார்த்துவிட்டுக் குட்டியோடு உள்ளே போனது. அதற்குப் பிறகு வரவில்லை.

டாக்டர் நூற்றிநாற்பது படம் எடுத்திருந்தார். நூற்றிநாற்பதிலும் அக்காவின் முதுகு.

விடுதிக்கு வந்ததும் வழிகாட்டி கரும்பலகைக்கு முன் வெகுநேரம் நின்றான். நீர்நாய்க் கட்டத்தில் எதையும் எழுதவில்லை. எடை மேடைக்குப் பக்கத்தில் மட்டும் அன்று மத்தியானமே ஒரு புது அறிவிப்பு தொங்கியது: தொண்ணூறு கிலோவுக்கு மேற்பட்டவர்கள் எக்காரணம் கொண்டும் படகின் முன்பக்கம் செல்லக் கூடாது. அக்கா அதை இரண்டு முறை வாசித்தாள். தன்னைப் பற்றி எழுதி மாட்டிய முதல் அட்டை என்று ஒரு பெருமை. ஆனாலும் கோபம் ஆறவில்லை. அதற்கு வேறு முகவரி இருந்தது.

அலுவலக மேஜையில் இருந்த தொலைபேசியை இழுத்தாள். மனப்பாடமான எண். நாலு தடவை மணி அடித்த பிறகு அருங்காட்சியக அதிகாரி எடுத்தார்.

"சார், நான் நாலாம் நம்பர் கூடத்துத் தூசியக்கா பேசுறேன். அந்த நீர்நாய் தலையை நிமிர்த்துங்க. வாயில இருக்கிற மீனைப் பிடுங்குங்க. இளிப்பைப் பிரிச்சுட்டு வாயை நல்லாத் திறந்து தையுங்க. அது சிரிக்காது சார், திட்டும். நான் நேர்ல வாங்கிட்டு வந்திருக்கேன்."

"அம்மா, நீங்கதான் ரிட்டையர் ஆயிட்டீங்களே" என்றார் அவர்.

"நான் ஆயிட்டேன் சார். அது இன்னும் ஆகலையே. குனிஞ்சபடி வேலை பார்த்துட்டுத்தானே இருக்கு? திங்கக்கிழமை வர்றேன். நூலும் ஊசியும் எடுத்து வையுங்க."